இணையப் பக்கத்துப் படங்களுக்கு ஃபில்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கோயிலோ, தமிழ்ப்பள்ளியோ, பலகாரக் கடையோ, யார் இணையப் பக்கம் தொடங்கினாலும் எழுத்துக்கு முன்னால் படங்கள் வந்துவிடும். பாதி கைபேசியில் எடுத்தவை. மீதி, லயத்து வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள்: பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்பவர்கள், காண்டாவில் (தோள் கம்பில்) பால் வாளி தூக்கி வருபவர்கள், தோட்டத்துத் திருவிழா. இவற்றைக் கொஞ்சம் வெளிச்சமாக்கவும், எல்லாவற்றையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவரவும், எழுத்துக்குப் பின்னால் மங்கலாக வைக்கவும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல் ஷீட்டிலேயே (சிஎஸ்எஸ்) ஃபில்டர் என்று ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

ஃபில்டர் படத்தை என்ன செய்கிறது?

படத்தை ஒன்றும் செய்வதில்லை. படம் திரையில் தெரிகிற விதத்தை மட்டும் மாற்றுகிறது. உலாவி படக்கோப்பை இறக்கி, விரித்து, திரையில் வரைவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒரு கணக்குப் போட்டு மாற்றுகிறது, அவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற மாதிரி. பார்க்கிறவருக்கு வெயில் குறைந்து தெரியும், வெயில் குறைவதில்லை. சர்வரில் இருக்கும் கோப்பு ஏற்றியபடியே இருக்கும். ஒரு வரியை அழித்தால் பழைய தோற்றம் திரும்பிவிடும்.

இதில்தான் அதன் நன்மை முழுவதும் இருக்கிறது. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. கீழே அடையாள அட்டை பற்றிய கேள்விக்கு வரும்போது அதைச் சொல்கிறேன். வேறு எதையும் படிக்காவிட்டாலும் அந்தப் பதிலைப் படித்துவிடுங்கள்.

என்னென்ன ஃபில்டர்கள் இருக்கின்றன? எப்படி எழுதுவது?

பத்து இருக்கின்றன. வெளிச்சத்துக்கு பிரைட்னஸ், அடர்த்தி வேறுபாட்டுக்கு கான்ட்ராஸ்ட், நிறத்தின் செறிவுக்கு சாச்சுரேட், கறுப்பு வெள்ளைக்கு க்ரேஸ்கேல், பழுப்புச் சாயலுக்கு செபியா, நிறத்தைச் சுழற்ற ஹ்யூ-ரொட்டேட், நெகட்டிவ் ஆக்க இன்வர்ட், மங்கலாக்க ப்ளர், ஊடுருவித் தெரிய ஒப்பாசிட்டி, நிழலுக்கு டிராப்-ஷேடோ. பதினொன்றாவதாக யூஆர்எல் என்று ஒன்று உண்டு. எஸ்விஜி என்ற படம் வரையும் குறியீட்டில் நாமே செய்த ஃபில்டரைக் கூப்பிட அது. பழைய தோட்டத்துப் படங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது அதுதான்.

எழுதும் முறை எளிது:

ஃபில்டர்: பிரைட்னஸ்(1.1) கான்ட்ராஸ்ட்(1.1);

நடுவில் கமா கிடையாது, இடைவெளி மட்டும். 1 என்றாலும் 100% என்றாலும் ஒன்றுதான். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சாச்சுரேட் மூன்றுக்கும் 1 என்பது "இருந்தபடியே இருக்கட்டும்" என்று பொருள். க்ரேஸ்கேல், செபியா, இன்வர்ட் மூன்றுக்கும் 0தான் இருந்தபடி, 1 என்றால் முழு அளவு. அதற்கு மேல் எவ்வளவு எழுதினாலும் 1 என்றே எடுத்துக்கொள்ளும். ப்ளருக்கு பிக்சல் போன்ற நீள அளவு தர வேண்டும், சதவீதம் செல்லாது. ஹ்யூ-ரொட்டேட்டுக்குக் கோணம்.

எல்லாப் படங்களுக்கும் ஒட்டுமொத்தமாகப் போடாதீர்கள். ஸ்டைல் ஷீட்டில் அந்த விதிக்கு ஒரு பெயர் (கிளாஸ்) வைத்து, அது தேவைப்படும் படத்துக்கு மட்டும் கொடுங்கள். கோயில் பக்கத்தில் பழைய படங்களுக்கு ஒன்று, புதியவற்றுக்கு ஒன்று என்று இரண்டு கிளாஸ் இருந்தால் போதும்.

அக்கா, தாத்தா பால்மரம் சீவுகிற படம் இது. முகம் இருட்டாக இருக்கிறது. பிரைட்னஸ் ஏற்றினால் சட்டைதான் வெளுக்கிறது, முகம் தெளியவே இல்லை. ஏன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

பால்மரம் விடியற்காலையில் சீவுவது. வெயில் ஏறுவதற்குள் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் அந்தப் படங்கள் பெரும்பாலும் மர நிழலில், மங்கிய வெளிச்சத்தில் எடுத்தவை. பால் வடிகிற வெள்ளை மங்குக் கோப்பையும் வெள்ளைச் சட்டையும் மட்டும் பளிச்சென்று இருக்கும். நம் ஆட்களின் முகம் அந்த நிழலோடு கலந்துவிடும்.

திரையில் ஒரு புள்ளியின் அளவு 0 முதல் 255 வரை. உங்கள் தாத்தாவின் கன்னம் 30 என்றும் சட்டை 230 என்றும் வைத்துக்கொள்வோம். பிரைட்னஸ் செய்வது வெறும் பெருக்கல். 1.2 கொடுத்தால் 30 என்பது 36 ஆகும். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 230 என்பது 276 ஆக வேண்டும், ஆனால் 255க்கு மேல் இடமில்லை. அதனால் சட்டையின் மடிப்பு, பொத்தான், தையல் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். சிறியதைப் பெருக்கினால் சிறியதுதான் கிடைக்கும். அதனால்தான் முகம் நகரவில்லை.

கான்ட்ராஸ்ட் இதைவிட மோசமாக்கும். அது நடுச் சாம்பலை அசையாமல் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து விலக்கித் தள்ளும். 1.4 கொடுத்தால் 30 என்பது 0 ஆகிவிடும். முகம் முழுக் கறுப்பு. 60 இருந்த கழுத்து 33க்கு இறங்கும். படம் "பளிச்" என்று இருப்பதாக முதலில் தோன்றும். கிட்டப் போய்ப் பாருங்கள், மனிதர் போய்விட்டார், சட்டை மட்டும் நிற்கிறது. கறுப்புத் தோலுள்ள நம்மவர்களின் பழைய படங்களுக்கு கான்ட்ராஸ்ட்டை அள்ளிப் போடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். பல குடும்பங்களுக்கு அந்தக் காலத்து மனிதரின் முகம் என்று இருப்பது அந்த ஒரே படம்தான்.

சரி, என்ன செய்வது? இருட்டை அதிகமாகவும் வெளிச்சத்தைக் குறைவாகவும் உயர்த்துகிற கணக்கு வேண்டும். அதற்கு காமா என்று பெயர். சிஎஸ்எஸ்ஸின் பத்து ஃபில்டர்களில் அது இல்லை. எஸ்விஜியில் இருக்கிறது. பக்கத்துக்குள் ஒரு சின்ன எஸ்விஜி வையுங்கள். அதன் உள்ளே ஃபில்டர் என்ற உறுப்பு, அதற்கு முகம் என்று ஓர் ஐடி (அடையாளப் பெயர்). அதற்குள் எஃப்இ-காம்பொனென்ட்-டிரான்ஸ்ஃபர். அதற்கும் உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக எஃப்இ-ஃபங்க்-ஆர், ஜி, பி. மூன்றிலும் டைப் காமா, எக்ஸ்பொனென்ட் 0.7. பிறகு ஸ்டைல் ஷீட்டில்:

ஃபில்டர்: யூஆர்எல்(#முகம்);

இப்போது 30 இருந்த கன்னம் ஏறத்தாழ 57க்கு வரும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 230 இருந்த சட்டை 237தான் ஆகும், மடிப்பு மடிப்பாகவே இருக்கும். எக்ஸ்பொனென்ட்டை 0.8, 0.65 என்று மாற்றிப் பாருங்கள். 0.5க்குக் கீழே போனால் படம் சாம்பல் பூத்துவிடும், ஸ்கேனில் இருக்கிற தூசியும் எழுந்து வரும்.

இரண்டு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். எஸ்விஜி ஃபில்டர் தன் கணக்கை வழக்கமாக லீனியர் ஆர்ஜிபி என்ற வேறு அளவுகோலில் போடும். அதனால் கலர்-இன்டர்பொலேஷன்-ஃபில்டர்ஸ் என்ற பண்புக்கு எஸ்ஆர்ஜிபி என்று கொடுக்காவிட்டால் மேலே சொன்ன எண்கள் வராது. அடுத்தது, அந்த எஸ்விஜியை மறைக்க டிஸ்ப்ளே: நன் போடாதீர்கள், சில உலாவிகளில் ஃபில்டரே வேலை செய்யாமல் போகும். அகலம் 0, உயரம் 0 என்று கொடுத்துவிடுங்கள்.

எதை முதலில் எழுதினாலும் ஒன்றுதானா?

இல்லை. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் செய்யும். 60 அளவுள்ள ஒரு புள்ளிக்கு முதலில் பிரைட்னஸ் 1.3, பிறகு கான்ட்ராஸ்ட் 1.3 கொடுத்தால் 63 வரும். இரண்டையும் மாற்றி எழுதினால் 52. நிழலைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பிரைட்னஸ் முன்னால் இருக்கட்டும். செபியாவுக்குப் பிறகு க்ரேஸ்கேல் எழுதினால் பழுப்பு போய்விடும். க்ரேஸ்கேலுக்குப் பிறகு செபியா எழுதினால்தான் நிற்கும்.

ஒரே உறுப்புக்கு இரண்டு இடத்தில் ஃபில்டர் வரி எழுதினால் அவை சேராது. வலுவான விதி மற்றதை அழித்துவிடும். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் அம்மனின் சிவப்புப் பட்டு கறுப்பாகிவிடுகிறதே?

க்ரேஸ்கேல் மூன்று நிறங்களையும் சமமாக எடுப்பதில்லை. மனிதக் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் தெரிகிற கணக்கின்படி சிவப்பில் 0.2126, பச்சையில் 0.7152, நீலத்தில் 0.0722 பங்கு எடுத்துக் கூட்டுகிறது. அதனால் முழுச் சிவப்பு 54க்கு இறங்கிவிடும், முழுப் பச்சை 182இல் நிற்கும். அம்மனுக்குச் சாத்திய சிவப்புப் பட்டு இருண்டு, பின்னால் கட்டிய வாழையிலையும் மாவிலையும் வெளுத்துத் தெரியும். மஞ்சள் பட்டு என்றால் பிரச்சினை இல்லை, பளிச்சென்றுதான் இருக்கும்.

திருவிழாப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்காதீர்கள் என்பதே என் யோசனை. நிறம்தான் அங்கே செய்தி. செய்தே ஆக வேண்டும் என்றால் க்ரேஸ்கேல் 0.6 அளவில் நிறுத்துங்கள்.

செபியா போட்டால் "பழைய காலம்" மாதிரி வருமா?

வரும், 0.25 முதல் 0.35 வரை. முழுசாக 1 கொடுத்தால் தேத்தண்ணி ஊற்றியது போல இருக்கும். முழு செபியாவில் சுத்த வெள்ளைகூட 255, 255, 239 என்று மஞ்சளோடிவிடும்.

ஆனால் போன மாதம் எடுத்த படத்துக்கு செபியா போட்டு "அந்தக் காலத்துத் தோட்டம்" என்று தலைப்பு வைக்காதீர்கள். நம் ஊருக்குப் பழைய படங்கள் வரலாற்றுச் சான்று. 1948 ஜூன் 16இல் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் வாழ்க்கையைத் தேடி வருகிற பிள்ளைகள் எது பழையது, எது பழையதாக்கப்பட்டது என்று தெரியாமல் நிற்கக் கூடாது. படத்துக்குக் கீழே எடுத்த ஆண்டை எழுதுங்கள். தெரியாவிட்டால் யார் வீட்டிலிருந்து வந்தது என்றாவது எழுதுங்கள்.

அப்பாவின் பழைய பங்குச் சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாம் ஸ்கேன் செய்தேன். தாள் மஞ்சளாகி எழுத்து மங்கிவிட்டது. படிக்கிற மாதிரி ஆக்க முடியுமா?

முடியும். இங்கேதான் கான்ட்ராஸ்ட் நல்ல பிள்ளை.

துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுச் சேர்ந்தவர்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். சம்பந்தனே சுங்கை சிப்புட்காரர் அல்லவா. அந்தக் காலத்துச் சீட்டுகள் பல வீடுகளில் இருக்கின்றன. இப்படி எழுதுங்கள்:

ஃபில்டர்: க்ரேஸ்கேல்(1) கான்ட்ராஸ்ட்(1.4);

மஞ்சள் ஏறிய தாளின் நிறம் 240, 225, 170 என்று இருந்தால் க்ரேஸ்கேலில் 224 ஆகும், கான்ட்ராஸ்ட் அதைச் சுத்த வெள்ளையாக்கிவிடும். மங்கிய நீல மை 110, 120, 170 என்றால் 121க்கு வந்து, கான்ட்ராஸ்ட்டுக்குப் பிறகும் ஏறத்தாழ 119இலேயே நிற்கும். தாளுக்கும் மைக்கும் நடுவே இருந்த இடைவெளி 103லிருந்து 136 ஆகிறது. கண்ணாடி போடாத பெரியவரும் படிப்பார்.

கூடவே அசல் மஞ்சள் தாளையும் பக்கத்திலேயே காட்டுங்கள். ஒரே கோப்புதான், ஒன்றுக்குக் கிளாஸ் உண்டு, மற்றதற்கு இல்லை. இறக்குவதும் ஒரே தடவைதான். இந்த வசதிக்காகவே எனக்கு ஃபில்டர் பிடிக்கும்.

ஏம்மா, நன்கொடைப் பட்டியலில் அடையாள அட்டை எண்களை ப்ளர் போட்டு மறைத்துவிட்டேன். போதும்தானே?

போதாதுங்க ஐயா. இன்றைக்கே அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

ப்ளர் உங்கள் கோப்பைத் தொடவே இல்லை. மங்கலாகத் தெரிகிற அந்தப் படத்தின் மேல் வலச்சொடுக்கி, புதிய தாவலில் திறந்தால் எல்லா எண்ணும் தெளிவாக நிற்கும். கைபேசியில் விரலை அழுத்திப் பிடித்தாலே படத்தைத் திறக்கவும் சேமிக்கவும் வழி வரும். இதற்குக் கணினிப் படிப்பு ஒன்றும் வேண்டாம், ஆறாம் ஆண்டுப் பையன் செய்வான். தேடுபொறிகளும் அந்த மூலக் கோப்பைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நம் அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். ஒருவரின் பெயரோடு அந்த எண்ணும் சேர்ந்தால் அவர் பெயரில் கடன் கேட்க, சிம் கார்டு வாங்க முயல்கிறவர்களுக்கு வேலை சுலபம். ஏமாற்றுக் கும்பல்களின் தொலைபேசி அழைப்புகளில் பெரியவர்கள் மாட்டிக்கொள்வதும் இப்படித்தான். "உங்கள் எண் இதுதானே?" என்று சரியாகச் சொன்னவுடன் நம்பிவிடுகிறார்கள்.

சரியான வழி இது. படத்தைக் கைபேசியிலோ கணினியிலோ படம் திருத்தும் செயலியில் திறந்து, எண்களின் மேல் முழுக் கறுப்புப் பட்டை வைத்து, புதிய படமாகச் சேமியுங்கள். அங்கேயும் மங்கலாக்கும் கருவி வேண்டாம், எண்களை மங்கலிலிருந்து ஊகிக்க முடியும். கறுப்புப் பட்டையிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. சேமிக்கும்போது பிஎன்ஜி அல்லது ஜேபெக் ஆக இருக்கட்டும். பட்டையைத் தனி அடுக்காக வைத்துக்கொள்ளும் கோப்பு வகையில் வேண்டாம், அடுக்கை நகர்த்தினால் எண் வெளியே வந்துவிடும். புதிய கோப்புக்குப் புதிய பெயர் வைத்து ஏற்றி, பழைய கோப்பை சர்வரிலிருந்தே அழியுங்கள். பக்கத்திலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, முகவரி தெரிந்தவர் திறந்துவிடுவார்.

எண்கள் தேவையே இல்லை என்றால் முதலிலேயே படத்தை வெட்டிவிடுவது இன்னும் நல்லது.

பிள்ளைகளின் முகத்தை மறைக்கவும் இதே விதிதான். பள்ளிப் போட்டி விளையாட்டுப் படங்களில் "இந்தப் பிள்ளையின் முகம் வேண்டாம்" என்று பெற்றோர் சொன்னால் கோப்பிலேயே மறையுங்கள். கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் வரைபடக் குறியும் பதிந்திருக்கலாம். ஃபில்டர் அதையும் அகற்றாது. ஏற்றுவதற்கு முன் இட விவரத்தை நீக்கிவிடுங்கள்.

முகப்புப் படத்தின் மேல் தமிழ் எழுத்து வைத்தேன், படிக்க முடியவில்லை.

படத்தை பிரைட்னஸ் 0.55 அளவுக்கு இறக்கி, வெள்ளை எழுத்து வையுங்கள். கவனம் தேவைப்படுவது ஓரிடத்தில்: எழுத்தும் படமும் ஒரே பெட்டிக்குள் இருந்து, அந்தப் பெட்டிக்கு ஃபில்டர் கொடுத்தால் எழுத்தும் சேர்ந்து இருண்டுவிடும். வெள்ளை 255லிருந்து 140க்கு வந்துவிடும். ஃபில்டர் தான் இருக்கும் உறுப்பின் உள்ளே உள்ள எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வழி இல்லை. அதனால் படத்தைத் தனி உறுப்பாக்கி அதற்கு மட்டும் ஃபில்டர், எழுத்து அதற்கு வெளியே, மேலே.

எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச விகிதம் இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் அளவு. பெரிய தலைப்பு எழுத்துக்கு 3க்கு 1 போதும். தமிழில் சுழியும் வளைவும் அதிகம், ண, ன, ள எல்லாம் மங்கலில் ஒன்றாகத் தெரியும். நான் பெரிய எழுத்துக்கும் 4.5க்குக் குறைய விடுவதில்லை.

ப்ளர் போட்டால் படத்தின் ஓரம் வெளுத்துப் போகிறது.

ஓரத்துக்கு வெளியே ஒன்றும் இல்லாததால் அந்த வெறுமையும் படத்தோடு கலக்கிறது. படத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ: ஹிட்டன் கொடுத்து, படத்தை டிரான்ஸ்ஃபார்ம்: ஸ்கேல்(1.1) என்று கொஞ்சம் பெரிதாக்குங்கள். வெளுத்த ஓரம் பெட்டிக்கு வெளியே போய்விடும்.

குத்துவிளக்குப் படத்துக்கு நிழல் கொடுத்தால் சதுரமாக வருகிறது.

நீங்கள் போட்டிருப்பது பாக்ஸ்-ஷேடோ. அது பெட்டிக்குத்தான் நிழல் தரும். பின்னணி நீக்கிய பிஎன்ஜி படம் என்றால்:

ஃபில்டர்: டிராப்-ஷேடோ(0 4பிஎக்ஸ் 6பிஎக்ஸ் பிளாக்);

விளக்கின் தண்டு, முகம், திரி வரை அதன் வடிவத்துக்கே நிழல் விழும். உள்நிழலும் நிழலை அகலப்படுத்தும் அளவும் இதில் கிடையாது. ஜேபெக் படத்தில் ஊடுருவும் பகுதியே இல்லாததால் அதில் மறுபடியும் சதுரம்தான் வரும்.

சேலைக் கடைக்கு ஒரே படத்தை ஹ்யூ-ரொட்டேட் செய்து பத்து நிறமாகக் காட்டலாமா, அக்கா?

வேண்டாம். சேலையோடு கட்டியிருக்கும் பெண்ணின் முகமும் பச்சையாகும், நீலமாகும். அது ஒருபுறம் இருக்கட்டும், அந்த ஃபில்டர் நிறத்தைத் தோராயமாகத்தான் சுழற்றுகிறது. வெளிச்சமும் செறிவும் ஏறி இறங்கும். அரக்கு கேட்டு வாங்கியவருக்கு வேறு ஏதோ நிறம் போய்ச் சேரும். தீபாவளி நேரத்தில் திருப்பிக்கொண்டு வந்து நிற்பார்கள். உள்ள சேலைகளை ஜன்னலோரம் வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். விற்கிற பொருளின் படத்துக்கு எந்த நிற ஃபில்டரும் வேண்டாம், சாச்சுரேட் உட்பட. முறுக்கும் அதிரசமும்கூட இருக்கிற நிறத்தில் இருந்தால் போதும்.

சின்னச் சின்னக் குறிப்படங்களுக்கு ஹ்யூ-ரொட்டேட் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

படங்கள் கறுப்பு வெள்ளையாக இருந்து, மவுஸ் போனால் கலராக வேண்டும்.

அழகாகத்தான் இருக்கும், ஆனால் இங்கே பார்க்கிறவர்களில் பலர் கைபேசிக்காரர்கள். மவுஸ் இல்லாதவருக்குப் படம் கடைசி வரை கறுப்பு வெள்ளையாகவே நிற்கும். க்ரேஸ்கேல் விதியை, பார்க்கிற சாதனத்துக்கேற்ப விதி போடும் மீடியா வினவலில் ஹோவர்: ஹோவர் என்ற நிபந்தனைக்குள் வைத்துவிடுங்கள். மவுஸ் உள்ள கணினியில் மட்டும் அது நடக்கும், கைபேசியில் எப்போதும் கலர். மெதுவாக மாற டிரான்ஸிஷன்: ஃபில்டர் 0.3 விநாடி. தொடக்கத்திலும் முடிவிலும் ஃபில்டர்கள் வேறு வேறு வரிசையில் இருந்தால் மாற்றம் வழுக்கிக்கொண்டு போகாது, திடுக்கென்று மாறும்.

ஊரில் துக்கம் என்று முழுப் பக்கத்தையும் கறுப்பு வெள்ளையாக்கினேன். ஓரத்தில் ஒட்டியிருந்த புலனம் (வாட்ஸ்அப்) பொத்தான் பக்கத்தோடு மேலே போய்விடுகிறது.

பாடி உறுப்புக்கு ஃபில்டர் கொடுத்திருப்பீர்கள். ஃபில்டர் உள்ள உறுப்புக்குள் இருக்கும் பொசிஷன்: ஃபிக்ஸ்டு எதுவும் திரையை விட்டுவிட்டு அந்த உறுப்பைப் பிடித்துக்கொள்ளும். விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது, உலாவியின் கோளாறு இல்லை. ஆனால் அதே விதியில் பக்கத்தின் வேர் உறுப்பான எச்டிஎம்எல்லுக்கு விலக்கு உண்டு. ஃபில்டரை அங்கே மாற்றிவிடுங்கள், பொத்தான் தன் இடத்தில் நிற்கும்.

இரவு நிறத் தோற்றத்தில் படங்கள் கண்ணைக் கூசுகின்றன.

ப்ரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம்: டார்க் நிபந்தனைக்குள் படங்களுக்கு பிரைட்னஸ் 0.85 கொடுங்கள். முழுப் பக்கத்தையும் இன்வர்ட் செய்து இரவுத் தோற்றம் உண்டாக்கும் குறுக்கு வழியில் படங்களைத் தனியாக மறுபடி இன்வர்ட் செய்ய வேண்டும். மறந்தால் கல்யாணப் பெண் நெகட்டிவ்வாகத் தெரிவாள்.

ஃபில்டர் போட்டால் பக்கம் சீக்கிரம் திறக்குமா? கனமாகுமா?

இறங்கும் அளவு ஓர் அணுவும் குறையாது. 4 எம்பி படம் 4 எம்பியாகவே வரும். செம்பனைக்கு நடுவே ஒரு கோடு சிக்னலில் பார்க்கிறவருக்கு அது பெரிய பாரம். முதலில் படத்தை 1600 பிக்சல் அகலத்துக்குச் சிறிதாக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

நிறம் மாற்றும் ஃபில்டர்கள் கைபேசிக்கு லேசானவை. ப்ளர்தான் பாரம், ஆரம் கூடக் கூட வேலை கூடும். நாற்பது படம் உள்ள தொகுப்பில் எல்லாவற்றுக்கும் ப்ளர் போட்டு, அதை அசையவும் விட்டால் மலிவான கைபேசி திணறும். ஒருபோதும் மாறாத தோற்றம் என்றால் கோப்பிலேயே திருத்தி ஏற்றிவிடலாம். ஸ்கேன் செய்த மூலக் கோப்பை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

புலனத்தில் பக்கத்தின் இணைப்பை அனுப்பினால் ஃபில்டர் இல்லாத படம் வருகிறதே?

புலனமும் முகநூலும் கோப்பைத்தான் எடுத்துக் காட்டும், உங்கள் ஸ்டைல் ஷீட்டைப் படிக்காது. முன்னோட்டத்துக்கு வரும் அந்த ஒரு படத்தை மட்டும் திருத்திய கோப்பாகவே கொடுங்கள்.

பழைய கைபேசிகளில் வேலை செய்யுமா?

ஃபயர்ஃபாக்ஸ் 2015இலிருந்தும், குரோம், சஃபாரி இரண்டும் முன்னொட்டு (கட்டளைக்கு முன்னால் சேர்க்கும், வெப்கிட் போன்ற உலாவிப் பெயர்) இல்லாமல் 2016இலிருந்தும் ஏற்கின்றன. இன்றைக்குக் கையில் இருக்கும் எந்தக் கைபேசியிலும் ஓடும் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஏற்காத உலாவி அந்த வரியைத் தாண்டிப் போய் அசல் படத்தைக் காட்டும், பக்கம் உடையாது.

உறுப்புக்குப் பின்னால் இருப்பதை மங்கலாக்கும் பேக்ட்ராப்-ஃபில்டர் வேறு கதை. அது ஃபயர்ஃபாக்ஸுக்கு 2022இல்தான் வந்தது. சஃபாரிக்கு 2024 வரை வெப்கிட் முன்னொட்டு தேவைப்பட்டது. பழைய ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்காக முன்னொட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு வரியும் எழுதுங்கள். அந்தப் பெட்டிக்குப் பாதி ஊடுருவும் ஒரு பின்னணி நிறமும் கொடுத்துவையுங்கள், மங்கல் வராவிட்டாலும் எழுத்து படிக்கத் தெரியும்.

எண்களை மாற்றி மாற்றிப் பார்க்க எளிய வழி என்ன?

கணினி உலாவியில் படத்தின் மேல் வலச்சொடுக்கி இன்ஸ்பெக்ட் என்பதைத் திறங்கள். அங்கே ஃபில்டர் வரியைத் தட்டி, எண்ணின் மேல் மேல்நோக்கி, கீழ்நோக்கி அம்பு விசையை அழுத்தினால் படம் உடனுக்குடன் மாறும். பிடித்த எண்ணை ஸ்டைல் ஷீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் அங்கே மாற்றியது போய்விடும். அதே படத்தை வெளியே வெயிலில் நின்று கைபேசியிலும் ஒரு தடவை பாருங்கள். அறைக்குள் சரியாகத் தெரிந்த நிழல் முகம் வெயிலில் காணாமல் போயிருந்தால் எக்ஸ்பொனென்ட்டை இன்னும் 0.05 குறைக்கலாம்.